நத்தார் விருந்தில் தாவர இறைச்சியும் தாவரச் சீஸும் பரிமாறலாமா?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறோம். இம்முறை நத்தாருக்கு ரொறன்ரோவிலிருந்து மகனும் மருமகளும் ஆறு வயதுப் பேரனும் வருகிறார்கள். மருமகள் இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் உண்பதில்லை. குளிரூட்டிய தாவர இறைச்சிப் பொதிகளும் தாவரச் சீஸும் கொண்டுவருவதாகவும், நத்தார் மதியம் எல்லோரும் அதையே சாப்பிடலாம், அதுதான் உடம்புக்கு நல்லது என்றும் மகன் சொல்கிறார். என்னுடன் இருக்கும் அம்மாவுக்கு 74 வயது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உண்டு. அவற்றுக்கு முறையே மெற்போர்மினும் லொசார்ட்டனும் எடுக்கிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் சற்றுக் கூடியிருப்பதாகச் சென்ற மாதம் கிளினிக்கில் சொன்னார்கள். நான் தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுக்கிறேன். பேரனுக்குக் கச்சான் ஒவ்வாது. இந்த உணவுகளை எங்கள் மேசையில் வைக்கலாமா?
– வாசகி, கல்லடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வைக்கலாம். உங்கள் மருமகளுக்கு விருப்பமான உணவை நத்தார் மேசையில் வைப்பதில் மருத்துவக் காரணம் சொல்லித் தடுக்கவேண்டியது எதுவுமில்லை. ஆனால் தாவரத்திலிருந்து செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக அது உங்கள் அம்மாவுக்கும் நல்லது என்று மகன் கருதுவாரானால் அதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் வீட்டில் நால்வருக்கு நான்கு விதமான உடல்நிலை இருப்பதால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த உணவு எதனால் ஆனது என்பதை முதலில் பார்ப்போம். சோயா, பட்டாணி, கோதுமை ஆகியவற்றிலிருந்து புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அதற்கு நார்த்தன்மை கொடுத்து, தேங்காயெண்ணெய் அல்லது வேறு தாவர எண்ணெய், உப்பு, சுவையூட்டி, பிணைப்புப் பொருள் என்பவற்றைச் சேர்த்து உருவாக்குவதே தாவர இறைச்சி. நம் கடைகளில் பல வருடங்களாக விற்கப்படும் சோயா மீற்றும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எண்ணெய் நீக்கிய சோயா மாவிலிருந்து செய்யப்படுவதால் அதன் உலர்ந்த நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு புரதம்; கொழுப்பும் உப்பும் பெரும்பாலும் நாம் சமைக்கும்போது சேர்ப்பவை. வெளிநாட்டுப் பொதியிலோ அவை தொழிற்சாலையிலேயே உள்ளே சேர்ந்துவிடுகின்றன. பொதியில் காணப்படும் மெதில்செலுலோஸ் என்ற பெயரைப் பார்த்து "இரசாயனம்" என்று அஞ்சவேண்டாம். அது குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறும் ஒரு நார்ப்பொருள்; மாத்திரைகள் தயாரிப்பதிலும் அது பயன்படுகிறது. சிவப்பு நிறத்துக்காகச் சில வகைகளில் பீற்றூட் சாறு சேர்ப்பார்கள். மறுநாள் அம்மாவின் சிறுநீர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நிறம் ஓரிரு நாளில் மறையாவிட்டால் மட்டும் பரிசோதிக்கவேண்டும்.

"உடம்புக்கு நல்லது" என்று மகன் சொல்வதற்கு ஆதாரமே இல்லை என்றும் கூறமுடியாது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 36 பேர் எட்டு வாரங்கள் விலங்கிறைச்சியையும் எட்டு வாரங்கள் தாவர இறைச்சியையும் மாற்றி மாற்றி உண்டார்கள். தாவர இறைச்சி உண்ட காலத்தில் கெட்ட கொலஸ்ரோல் எனப்படும் எல்.டி.எல். சராசரியாக டெசிலீற்றருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் குறைந்திருந்தது. உடல் எடையும் சிறிது குறைந்திருந்தது. இரத்த அழுத்தத்தில் மாற்றம் இல்லை. ஆய்வுக்கு நிதி கொடுத்தது தாவர இறைச்சி தயாரிக்கும் நிறுவனம் என்பதை ஆய்வாளர்களே வெளிப்படையாகத் தெரிவித்திருந்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. அங்கே ஒப்பிடப்பட்டது நாள்தோறும் இறைச்சி உண்பவர்களின் தட்டு. வாவி மீனும் பருப்பும் கீரையும் கிழமை நாட்களில் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி சமைக்கும் ஒரு மட்டக்களப்பு வீட்டில், மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொரித்த தாவர பேர்கரை வைப்பதால் நன்மை உண்டு என்று அந்த ஆய்விலிருந்து யாரும் முடிவுக்கு வரமுடியாது. மாறாக, நத்தாருக்கு வழமையாக வாங்கும் சொசேஜ், பேக்கன், ஹாம் ஆகியவற்றுக்குப் பதிலாகத் தாவர வகையை வைத்தால் அந்த மாற்றத்தை வரவேற்பேன். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் வகைப்படுத்தியிருக்கிறது.

இனி உங்கள் அம்மா. அவருடைய விடயத்தில் நான் முதலில் பார்ப்பது உப்பு. ஏறத்தாழ 113 கிராம் நிறையுள்ள ஒரு தாவர பேர்கர் துண்டில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை சோடியம் இருப்பது சாதாரணம். கனடாவிலிருந்து வரும் பொதிகளில் சோடியத்தின் அளவும், இங்கிலாந்திலிருந்து வருபவற்றில் உப்பின் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்பது ஒரு கிராம் உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை என்பதால், கறியையும் அச்சாறையும் தொடுவதற்கு முன்னரே அம்மாவின் பங்கில் ஐந்தில் ஒன்று முடிந்துவிடும். வீட்டில் கோழி வாங்கிச் சமைத்தால் உப்பு உங்கள் கையில் இருக்கும். பொதியில் வரும் உணவில் போட்ட உப்பை வெளியே எடுக்க வழியில்லை. ஆகவே அவருக்கு ஆசை இருந்தால் அரைத்துண்டு போதும், அன்றைய தட்டில் அச்சாறும் சோஸும் வேண்டாம்.

உப்பைக் குறைத்ததாகச் சொல்லும் பொதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சோடியம் குளோரைட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொற்றாசியம் குளோரைட்டைச் சேர்த்திருப்பார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது பிரச்சினை அல்ல. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்த நிலையில், பொற்றாசியத்தை உடலில் தேக்கிவைக்கும் தன்மையுள்ள லொசார்ட்டனையும் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு அது கவனத்துக்குரியது, ஏனெனில் இரத்தத்தில் பொற்றாசியம் அளவுமீறினால் இதயத்துடிப்பே பாதிக்கப்படலாம். சேர்பொருள் பட்டியலில் பொற்றாசியம் குளோரைட்டோ பொஸ்பேற் என்ற சொல்லோ இருந்தால் அந்தப் பொதியை அம்மாவுக்குக் கொடுக்கவேண்டாம். தானியத்திலும் பருப்பிலும் இயற்கையாக உள்ள பொஸ்பரஸ் ஓரளவே உறிஞ்சப்படும். தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பொஸ்பேற் பெரும்பாலும் முழுமையாக உறிஞ்சப்பட்டு, தளர்ந்த சிறுநீரகத்துக்குச் சுமையாகிவிடும். அடுத்த கிளினிக் நாளில் கிரியற்றினினோடு பொற்றாசியத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இதைப் படித்துவிட்டு லொசார்ட்டனை நிறுத்திவிடாதீர்கள். அது அவருடைய சிறுநீரகத்தையும் காக்கும் மருந்து.

அம்மாவின் இரத்தத்தில் சீனியின் அளவை இந்த உணவு பெரிதாக உயர்த்தாது. மாப்பூசிப் பொரித்த தாவர நகற்றைத் தவிர்த்தால், அன்றைய சீனி கூடுவது மஞ்சள் சோற்றாலும் கேக்காலும்தான்.

சீஸ் விடயத்தில் என் கருத்து இன்னும் கடுமையானது. கடைகளில் கிடைக்கும் தாவரச் சீஸில் பெரும்பகுதி தேங்காயெண்ணெயையும் மாப்பொருளையும் உப்பையும் கலந்து இறுகவைத்தது. செடார் போன்ற கடினமான பாற்சீஸில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவில் புரதமும் சுமார் 700 மில்லிகிராம் கல்சியமும் இருக்கும். தேங்காயெண்ணெயில் செய்த தாவரச் சீஸில் புரதம் அநேகமாக இல்லை, கல்சியமும் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே உண்டு. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் எண்பது வீதத்துக்கும் மேற்பட்டது நிரம்பிய கொழுப்பு, அது எல்.டி.எல்.ஐ உயர்த்தும். தேங்காயைக் குறை சொன்னால் நம் ஊரில் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும். தேங்காய்ப் பாலில் கறி சமைக்கும் வீட்டில், அதே கொழுப்பு சீஸ் என்ற பெயரில் இரண்டாவது தடவையும் தட்டுக்கு வருகிறது என்பதை மட்டுமே சுட்டிக்காட்டுகிறேன். ஆகவே அதைச் சுவைக்காக ஒரு துண்டு உண்ணலாம். பாலுக்கும் சீஸுக்கும் ஈடான சத்துணவு என்று எண்ணிப் பேரனுக்குக் கொடுக்கவேண்டாம்.

மருமகளுக்கும் அம்மாவுக்கும் பொதுவான ஒரு விடயம் உண்டு. வைற்றமின் பி12 விலங்குணவில் மட்டுமே இயற்கையாகப் போதிய அளவு கிடைக்கிறது. எனவே மருமகள் அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ ஒழுங்காக எடுக்கவேண்டும். வெளிநாட்டில் இந்த உணவுமுறையைப் பின்பற்றுபவர்கள் பலரும் இதை அறிந்திருப்பதால் ஒரு தடவை கேட்டுப்பார்த்தால் போதும். மெற்போர்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். அம்மாவுக்குக் கால் விறைப்பும் எரிவும் இருந்தால் அதை நீரிழிவின் கணக்கில் மட்டும் எழுதிவிடாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குச் சொல்லவேண்டியது சிறியது. சோயா, தைரொக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வழமைபோல் அதிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் குளிசையை எடுத்துவிட்டு, சோயா கலந்த உணவை மதியத்துக்கு வைத்துக்கொண்டால் தடையில்லை. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து தாமதமாக எழும்பினாலும் குளிசையைக் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடாதீர்கள். சோயா உண்டால் ஆண்களின் ஹோர்மோன் குறையும் என்று ஒரு பேச்சு நம்மிடையே பல காலமாக உலவுகிறது. இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அப்படியொரு விளைவைக் காணவில்லை. மகன் தயக்கமின்றி உண்ணலாம்.

பேரன் விடயத்தில்தான் நீங்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பால் இல்லை, இறைச்சி இல்லை என்ற முத்திரை ஒவ்வாமைப் பொருள் இல்லை என்று பொருள்படாது. கச்சானும் சோயாவும் பட்டாணியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கச்சான் ஒவ்வாத பெரும்பாலான பிள்ளைகள் சோயாவைப் பிரச்சினையின்றி உண்கிறார்கள் என்றாலும், சிலருக்குப் பட்டாணிப் புரதமும், ஐரோப்பியப் பொதிகளில் காணப்படும் லூபின் என்ற பயறுவகையின் மாவும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். தாவரச் சீஸில் ஒரு வகை முழுக்கக் கஜுவில் செய்யப்படுவது. கச்சான் ஒவ்வாத பிள்ளைகளில் சிலருக்குக் கஜுவும் ஒவ்வாது. நம் விருந்துகளில் கஜுக் கறியும் கஜு போட்ட லவ் கேக்கும் இருக்கும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். பிள்ளை முன்னர் உண்டு பழகியிராத எதையும் நத்தார் நாளில் முதன்முறையாகக் கொடுக்கவேண்டாம். பெற்றோரிடம் அட்ரினலின் ஊசிப் பேனா இருந்தால் அது பயணப் பெட்டியில் அல்ல, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். உதடு வீங்குதல், மூச்சு இரைத்தல், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் ஊசியைப் போட்டுவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். ஊசிக்குப் பின் பிள்ளை தெளிந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

மருமகளுக்காக என்ன சமைக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடலைக் கறி, கௌபி, பாசிப்பயறு, சோயா மீற், வாழைப்பூ வறை ஆகியவற்றோடு அவருக்கு நிறைவான ஒரு விருந்து வைத்துவிடலாம். இளம் பலாக்காய்க் கறி பார்வைக்கும் வாய்க்கும் இறைச்சி போலவே இருக்கும், ஆனால் அதில் புரதம் சொற்பம் என்பதால் அதோடு ஒரு பருப்பு வகையும் இருக்கட்டும். சம்பலில் மாசிக்கருவாடும், மஞ்சள் சோற்றில் நெய்யும், கட்லற்றில் முட்டையும் சேர்வது நமக்கு நினைவிலேயே இருப்பதில்லை. அவருக்கு எடுத்துவைப்பதைத் தனிச்சட்டியில் செய்யுங்கள். அம்மாவுக்குக் கொடுக்கும் பயறுவகையை ஊறவைத்து, அவித்த தண்ணீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொற்றாசியம் ஓரளவு குறையும்.

இறுதியாக, அந்தப் பொதிகள் வந்துசேரும் விதம். தாவரத்தால் ஆனது என்பதால் அது கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஈரமும் புரதமும் உள்ள இந்த உணவு இறைச்சியைப் போலவே பழுதாகும். 2021இல் அமெரிக்காவில் கஜுவில் செய்த மென்சீஸ் ஒன்றினால் சல்மொனெல்லா என்ற பக்டீரியாத் தொற்றுப் பரவிய நிகழ்வும் உண்டு. ரொறன்ரோவிலிருந்து ஒரு நாளளவு விமானப் பயணம், அதன் பின் கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்புவரை ஆறேழு மணி நேர வீதிப் பயணம் என்று வரும் பொதி உறைந்த நிலையிலேயே வந்துசேரும் என்று நம்புவது கடினம். கொழும்பின் பெரிய கடையொன்றில் வாங்கி, ஐஸ் நிரப்பிய பெட்டியில் கொண்டுவருவது நல்லது. மார்கழி மழையில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றுபோனால் உறைபெட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள். பொதிக்குள் ஐஸ் துகள்கள் எஞ்சியிருந்தால் அன்றே நன்றாக வேகவைத்து உண்ணலாம். முற்றாக இளகி இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறைச் சூட்டில் கிடந்திருந்தால், மணம் மாறாமல் இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அதை எறிந்துவிட்டு மருமகளுக்குக் கடலைக் கறியை அடுப்பில் ஏற்றுங்கள்.