கார் இல்லாமல் வாழ்வதில் என்ன லாபம், என்ன நட்டம்?

பணத்திலிருந்து தொடங்கலாம். கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் செலவை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். காப்பீடு, சர்வீஸ், டயர், பார்க்கிங், கடன் வட்டி எல்லாம் தனி. இவற்றைவிடப் பெரிதாக இருக்கக்கூடியது தேய்மானம். வண்டி ஓடினாலும் சரி, சும்மா நின்றாலும் சரி, விற்கப்போனால் கிடைக்கும் விலை இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவும் முதல் சில ஆண்டுகளில் வேகமாக. கார் இல்லாதவருக்கு இந்தக் கவலையே கிடையாது. அவசரத்துக்கு டாக்சி பிடித்தாலும் பல சமயம் மிச்சம்தான்.

அப்புறம் உடல்நலம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ் நிறுத்தத்துக்கு விறுவிறுவென நடந்து போய் வந்தாலே அதில் ஒரு பகுதி முடிந்துவிடும்.

சிக்கல்? முதலில் நேரம். ஒரே வண்டியில் போய்ச் சேர முடிந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று மாற வேண்டியிருந்தால் காத்திருப்பிலேயே பொழுது போய்விடும். வீட்டையும் வேலையையும் போக்குவரத்து வசதியைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை கூடுதல் என்றால், காரில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும் (இதைப் பலர் சொல்வதில்லை). கைக்குழந்தை, நடக்க முடியாத முதியவர், நள்ளிரவில் முடியும் ஷிப்ட் வேலை என்று ஏதாவது ஒன்று வீட்டில் இருந்தால், காரை விற்கச் சொல்ல மாட்டேன்.

மற்றவர்கள், உங்கள் காரை விற்பதற்கு முன் ஒரு மாதம் சாவியைத் தொடாமல் இருந்து பாருங்கள். மழைக்கால மாதமாக இருந்தால் நல்லது.