ஸ்கேனர் வாங்குமுன் ஒரு கீபோர்டைச் செருகிப் பாருங்கள்

கேள்வி (கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்): அண்ணா, எல்.இ.டி. டிரைவர் போர்டு செய்யும் சின்ன கம்பெனியில் டெஸ்டிங் பக்கம் இருக்கிறேன். இரண்டு ஹ்யூமிடிட்டி சேம்பர் (சூட்டையும் ஈரப்பதத்தையும் கூட்டிக் குறைத்து போர்டைச் சோதிக்கும் பெட்டி) உண்டு. ஒன்று டச் ஸ்கிரீன் வைத்தது, இன்னொன்று பழசு, பட்டன் அமுக்கி நம்பர் மாற்றுகிற மாதிரி. போன மாதம் ராத்திரி ஷிப்டில் ப்ரோக்ராம் 12 போட வேண்டிய இடத்தில் 21 போட்டுவிட்டார்கள். 48 மணி நேரம் ஓடி முடிந்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி பார்கோடு ஸ்கேனர் வாங்கி மாட்டச் சொல்கிறார். ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு இருக்கிறது. சேம்பர் சப்ளை செய்தவரோ 'பார்கோடு ஆப்ஷன்' என்று 45,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அந்த 1,800 ரூபாய் ஸ்கேனரே போதாதா?

பதில்: போதலாம், போதாமலும் இருக்கலாம் தம்பி, அது ஸ்கேனரைப் பொறுத்தது இல்லை, சேம்பரை ஓட்டும் உங்கள் கன்ட்ரோலரைப் பொறுத்தது. கடையில் விற்கும் யு.எஸ்.பி. ஸ்கேனர் பெரும்பாலும் தன்னை ஒரு கீபோர்டு என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்ளும். பார்கோட்டில் இருப்பதைப் படித்து, யாரோ வேகமாக டைப் அடித்தது மாதிரி எழுத்துகளை அனுப்பி, கடைசியில் ஒரு என்டர் தட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் ஒரு பைசா செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டைக் கழற்றிக்கொண்டு போய் டச் ஸ்கிரீன் சேம்பரில் செருகுங்கள். ப்ரோக்ராம் பெயர் கேட்கும் கட்டத்தைத் தொட்டுவிட்டு டைப் அடியுங்கள். எழுத்து விழுந்தால் ஸ்கேனரும் அநேகமாக வேலை செய்யும். விழவில்லை என்றால் அந்த ஓட்டை பென்டிரைவில் டேட்டா எடுக்க மட்டும் வைத்தது, அதில் 1,800 ரூபாய் ஸ்கேனரைச் செருகினாலும் 18,000 ரூபாய் ஸ்கேனரைச் செருகினாலும் லைட் எரியும், பீப் அடிக்கும், திரையில் ஒன்றும் நடக்காது.

பழைய சேம்பருக்கு இந்தச் சோதனையே தேவைப்படாது, யு.எஸ்.பி. ஓட்டையே இருக்காது. ஆனால் பின்பக்கம் பாருங்கள், ஆர்.எஸ்.232 அல்லது ஆர்.எஸ்.485 என்ற சீரியல் கனெக்டர் (யு.எஸ்.பி.-க்கு முந்தின டேட்டா இணைப்பு) இருக்கலாம். அதைப் பார்த்ததும் 'சீரியல் ஸ்கேனர் வாங்கி நேராகச் சொருகிவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த கனெக்டர் மோட்பஸ் போன்ற ஒரு மொழியில் கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தான் இருக்கிறது, ஸ்கேனர் அனுப்பும் வெறும் எழுத்து அதற்குப் புரியாது. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஸ்கேனர் கம்ப்யூட்டரில், கம்ப்யூட்டர் சேம்பரில். 'இந்தக் கோடு வந்தால் இந்த ப்ரோக்ராமை எடு' என்று சொல்லும் சின்ன சாப்ட்வேர் அதில் ஓட வேண்டும். மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரே தாராளம், ஆனால் அந்த சாப்ட்வேரை எழுத ஆள் வேண்டும். காசு போவது அங்கேதான்.

அந்த 45,000-க்கு வருவோம். சப்ளையர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அதில் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் ஸ்கேனரும் கேபிளும்தான் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோட்டையும் ப்ரோக்ராமையும் இணைக்கும் சாப்ட்வேர், எந்த போர்டு எந்த ப்ரோக்ராமில் எத்தனை மணிக்கு உள்ளே போனது என்ற பதிவு, இரண்டு சேம்பருக்கும் சேர்த்து, என்றால் அந்த விலை அநியாயம் இல்லை. சோதனைக்கூடங்களுக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்கு உங்கள் முதலாளி ஆசைப்படுகிறார் என்றால் அந்தப் பதிவு நிச்சயம் உதவும். சோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரத்தில், சோதனைக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் ஒன்றோடொன்று குழம்பாமல் அடையாளப்படுத்த ஒரு முறை இருந்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் செய்யலாம்தான், எத்தனை நாள் ஒழுங்காக எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பார்கோடுக்குள் ப்ரோக்ராமே இருக்காது. 40 டிகிரி, 93 சதவீத ஈரப்பதம், இத்தனை மணி நேரம் என்பதெல்லாம் கன்ட்ரோலர் மெமரியில் இருப்பது. கோட்டில் இருப்பது அதன் பெயரோ நம்பரோ மட்டும். ஆகவே மெமரியில் 12-ஆம் ப்ரோக்ராமை யாராவது மாற்றி சேவ் செய்துவிட்டால் ஸ்கேனர் அதே தப்பை வெகு துல்லியமாக எடுத்துக் கொடுக்கும். ப்ரோக்ராம் எடிட் செய்யும் இடத்துக்கு பாஸ்வேர்ட் போட்டுவிட்டு அப்புறம் ஸ்கேனர் பற்றி யோசியுங்கள்.

நான் லேபில் இருந்தபோது நடந்தது இது. திரையில் கர்சர் ப்ரோக்ராம் கட்டத்தில் இல்லாமல் எத்தனை டிகிரி வேண்டும் என்று போடும் செட் பாயிண்ட் கட்டத்தில் நின்றிருக்கிறது, ஆபரேட்டர் பார்க்காமல் ஜாப் கார்டை (வேலைச் சீட்டை) ஸ்கேன் செய்துவிட்டார். கோட்டில் இருந்தது வெறும் 65. சேம்பர் மறு பேச்சில்லாமல் 65 டிகிரிக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு ஓட வேண்டியது 65-ஆம் நம்பர் ப்ரோக்ராம், அது மைனஸில் ஓடும் குளிர் டெஸ்ட். பீப் சத்தம் கேட்டதும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் அந்த பீப் 'படித்துவிட்டேன்' என்று மட்டுமே சொல்கிறது, 'சரியான இடத்தில் போட்டேன்' என்று சொல்வதில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ப்ரோக்ராம் பெயர்களை எழுத்தில் தொடங்குகிற மாதிரி மாற்றினோம், ஈரப்பதத்துக்கு ஒரு எழுத்து, குளிருக்கு ஒரு எழுத்து என்று. எண் மட்டுமே ஏற்கும் கட்டத்தில் எழுத்து வந்து விழுந்தால் எங்கள் கன்ட்ரோலர் வேண்டாம் என்று தள்ளிவிட்டது, உங்களுடையதும் அப்படித் தள்ளுகிறதா என்று ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் கன்ட்ரோலர் பெயர் வைக்க விட்டால் இதை முதலில் செய்யுங்கள். ஸ்கேன் செய்தால் ப்ரோக்ராம் திரைக்கு வந்து நிற்கட்டும், ஸ்டார்ட் பட்டனை ஆள் பார்த்துவிட்டு அமுக்கட்டும். ஸ்கேன் செய்ததும் தானே ஓடத் தொடங்குகிற அமைப்பை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என்ன இருந்தாலும் ஸ்கேனர் நல்ல யோசனைதான், நம் பாலக்காடு பக்கத்தில் குறிப்பாக. ஒரு ஷிப்டில் தமிழ், மலையாளம், ஹிந்தி மூன்றும் ஓடுகிறது. ஹிந்தியில் 'சாத்' என்றால் ஏழு, 'சாட்' என்றால் அறுபது, சேம்பர் கம்ப்ரசர் சத்தத்தில் நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பார்கோடு எந்த மொழியும் பேசாது.

வாங்குவதானால் லேசர் வேண்டாம், படம் பிடித்துப் படிக்கும் 2டி இமேஜர் வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடும். ஜாப் கார்டில் நீளமான கோடு ஒட்ட இடம் இருக்கும், டிரைவர் போர்டில் விரல் நகம் அளவுக்குத்தான் இடம், அதில் டேட்டா மேட்ரிக்ஸ் அல்லது க்யூஆர் போன்ற சதுரக் கோடுதான் அடங்கும், லேசருக்கு அவை இரண்டும் தெரியாது. ஜாப் கார்டுக்கு கோட் 128 என்ற நீளமான பார்கோடு வகை போதும். இன்னொரு வகையான சாதாரண கோட் 39-ல் ஆங்கிலச் சின்ன எழுத்து (a, b, c) வராது, அதே விஷயத்துக்குக் கோடும் நீண்டுபோகும். இன்னொன்று, கீபோர்டு மாதிரி நடிக்கும் ஸ்கேனருக்கு கேப்ஸ் லாக் ஆன் ஆகி இருந்தால் பெரிய எழுத்து சின்னதாகவும் சின்னது பெரிதாகவும் போகலாம். 'நேற்று வரை வேலை செய்தது' என்று போன் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சகோதரி): எங்கள் கம்பெனியில் போர்டுக்கு பார்கோடு லேபிள் ஒட்டித்தான் சேம்பருக்குள் அனுப்புகிறோம். 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பத டெஸ்ட் முடிந்து வெளியே எடுத்தால் பாதி லேபிள் கறுத்துவிடுகிறது, மீதி கழன்று கீழே கிடக்கிறது. ஸ்கேனர் மட்டம் என்று திட்டுகிறார்கள். வேறு ஸ்கேனர் மாற்றலாமா?

பதில்: ஸ்கேனரைத் திட்ட வேண்டாம், பாவம். கறுத்த தாளில் கறுப்புக் கோட்டை எந்த ஸ்கேனர் படிக்கும்? லேபிளை நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறிப் பாருங்கள் சிஸ்டர். கறுப்புக் கோடு விழுந்தால் அது டைரக்ட் தெர்மல் தாள், சூப்பர் மார்க்கெட் பில் மாதிரி சூட்டில் கறுப்பதற்காகவே செய்தது. பிரிண்டர் சூட்டில் எழுத்து வருகிறது என்றால் சேம்பர் சூட்டில் முழுத் தாளும் எழுத்தாகிவிடும்.

உங்களுக்கு வேண்டியது ரிப்பன் போட்டு அடிக்கும் தெர்மல் டிரான்ஸ்பர் பிரிண்டர், பாலியெஸ்டர் லேபிள், ரெசின் ரிப்பன். கடையில் விலை குறைவு என்று வேக்ஸ் ரிப்பன் தருவார்கள், அது தாளுக்கு ஆகும், பாலியெஸ்டரில் தேய்த்தால் போய்விடும். 85 டிகிரிக்கு இது தாங்கும். 150-க்கு மேல் போகிற டெஸ்ட் என்றால் பாலிஇமைடு லேபிள் கேளுங்கள், விலை கூடத்தான். மொத்தமாக ரோல் வாங்குமுன் பத்து லேபிள் சாம்பிள் கேட்டு வாங்கி உங்கள் சேம்பரிலேயே ஒரு முறை ஓட்டிவிடுங்கள். சேம்பர் கையில் வைத்திருக்கிறவர்கள் லேபிளை நம்பி வாங்க என்ன அவசியம்?

கழன்று விழுவதற்குப் பாதிக் காரணம் ஒட்டும் முறை. போர்டில் சால்டரிங் செய்தபோது படிந்த ஃப்ளக்ஸ் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் நிற்காது, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி அழுத்தி, உள்ளே வைக்குமுன் கொஞ்ச நேரம் விட வேண்டும். முந்தின நாளே ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. குளிர் டெஸ்ட் முடித்து வெளியே எடுத்தால், அதுவும் இடவப்பாதி மழை நேரத்தில், லேபிள் மேல் வியர்த்துவிடும். துடைத்துக்கொண்டே ஸ்கேன் செய்யாமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். பார்கோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதில் உள்ள மிக மெல்லிய கோட்டின் அகலத்தைப் போல் பத்து மடங்கு இடம் வேண்டும், ஓரம் வரை அடித்திருந்தால் லேபிள் புத்தம் புதுசாக இருந்தாலும் படிக்காது.

கேள்வி (வேலந்தாவளத்திலிருந்து): வயர் இல்லாத ஸ்கேனர் நல்லதா? சேம்பர் பெரிசு, சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது.

பதில்: கன்ட்ரோலருக்கு ப்ளூடூத் எல்லாம் அநேகமாகத் தெரியாது. யு.எஸ்.பி. டாங்கிளோடு (சிக்னல் வாங்கும் சின்னச் செருகி) வருவது, கீபோர்டு சோதனையில் தேறிய கன்ட்ரோலரில் அநேகமாக வேலை செய்யும், ஆனால் டாங்கிளை சேம்பரின் இரும்பு உடம்புக்குப் பின்னால் செருகினால் சிக்னல் திணறும், முன்பக்கம் கொண்டுவாருங்கள். ராத்திரி ஷிப்டில் சார்ஜ் போட மறப்பார்கள். நானாக இருந்தால் வயர் வைத்ததையே வாங்கி எக்ஸ்டென்ஷன் போடுவேன், மொத்தம் ஐந்து மீட்டருக்குள். எது வாங்கினாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சேம்பருக்குள் தலையை நீட்டாதீர்கள், சாதாரண ஸ்கேனர் பூஜ்யத்தில் இருந்து 40, 50 டிகிரி வரை தாங்கத்தான் செய்தது.

கேள்வி (வாளையாரிலிருந்து): கம்பெனி பேரில் கோயம்புத்தூர் கடையில் ஸ்கேனர் வாங்கினோம். 'எல்லா கன்ட்ரோலருக்கும் ஆகும்' என்றார்கள், ஆகவில்லை, திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: கஷ்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் கணக்கில் வருவதில்லை. தன் பிழைப்புக்காக மட்டும் சுயதொழிலில் தானே பயன்படுத்த வாங்கியவருக்கு விலக்கு உண்டு, தனி ஆளாக லேபிள் அடித்துக் கொடுக்கிறவர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேட்கலாம். கம்பெனிக்கு அந்த வழி இல்லை, வக்கீல் நோட்டீஸ், சிவில் வழக்கு என்று போக வேண்டும், ஒரு ஸ்கேனருக்காக யார் அலைவது? அடுத்த தடவை பர்சேஸ் ஆர்டரிலேயே கன்ட்ரோலர் மாடல் நம்பரை எழுதி, 'இதில் ஓடவில்லை என்றால் 15 நாளில் திருப்பி எடுக்க வேண்டும்' என்று ஒரு வரி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு எல்லாம் கேரள எல்லை தாண்டியதும் காற்றில் போய்விடும், வாளையார் காற்று தெரியாதா உங்களுக்கு. பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறதா, கோயம்புத்தூரில் இருந்து அனுப்பிய சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஸ்கேனர் ஓடாவிட்டாலும் வரியையாவது உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.