பூனைகளை விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள்

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. வேலை காரணமாக நான் தர்மபுரியிலும் அவர் ஓசூரிலும் தனித்தனியே இருந்தோம். இப்போது எனக்கு ஓசூருக்கே மாற்றல் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் அவர் இருக்கும் வாடகை வீட்டில் சேர்ந்து குடித்தனம். என்னிடம் இரண்டு பூனைகள் இருக்கின்றன. வெள்ளச்சிக்கு ஏழு வயது, குட்டானுக்கு இரண்டு. இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. அவரிடம் மணி என்று மூன்று வயது நாய். சிப்பிப்பாறை கலப்பு என்கிறார். மனிதர்களிடம் ரொம்பச் சாது, தெருவில் பூனையைக் கண்டால் மட்டும் பிடித்து நிறுத்த முடியாது. "மூணையும் ஒரு ரூம்ல விட்டுக் கதவைச் சாத்து. ஒருநாள் அடிச்சிக்கும், மறுநாள் ராசியாயிடும்" என்கிறார் கணவர். மாமியாரோ, "பூனை எங்க போனாலும் பொழச்சிக்கும், சந்தைப்பேட்டை பக்கம் விட்டுட்டு வாம்மா" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். மாமியார் சொல்வது பாவம், கணவர் சொல்வது ஆபத்து.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மணியை எங்காவது விட்டுவிடலாமா என்ற பேச்சே அதில் இல்லை. இருக்கவும் கூடாது, அது அவர் கையில் வளர்ந்த பிள்ளை. ஆனால் ஏழு வருடமாக உங்கள் காலடியில் படுத்துத் தூங்கும் வெள்ளச்சியை விட்டுவிடுவது மட்டும் எப்படி ஒரு யோசனையாக வந்தது? புகுந்த வீட்டுக்குப் போகிறவள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது நம் வீடுகளில் அந்த அளவுக்கு ஊறிக் கிடக்கிறது. நீங்களே பாதி மனதாக அதற்குத் தயாராகிவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். அந்த ஓசூர் வீடு உங்களுக்கும் வீடு. பூனைகள் வருகின்றன என்று முதலில் சொல்லி முடித்துவிடுங்கள். எப்படி அழைத்து வருவது என்பதை மட்டும் பேச்சுக்கு வையுங்கள்.

மாமியாரிடம் இதற்காகக் கோபப்பட வேண்டாம். அவர் காலத்துப் பூனை குதிரடியில் எலி பிடித்துக்கொண்டு, நாலு வீட்டுக்கும் பொதுவாகச் சுற்றி வந்தது. அதை மனதில் வைத்துச் சொல்கிறார். உங்கள் வெள்ளச்சி வேளைக்குத் தட்டில் மீன் சாப்பிட்டு வளர்ந்தது. சந்தைப்பேட்டையில் இறக்கிவிட்டால் தெருநாய்க்கும் லாரிக்கும் நடுவில் திகைத்து நிற்கும். பூனை இடத்தை நம்பி வாழும் பிராணி. தன் வாசனை படாத இடத்தில் சாப்பிடாமல் எங்காவது ஒடுங்கிக் கிடக்கும், இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவில் சொல்கிறது. முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் என்பதால் யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. பயத்துக்காக நான் சொல்லவில்லை. "எங்க போனாலும் பொழச்சிக்கும்" என்ற பேச்சைச் சட்டமே ஏற்கவில்லை என்று மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லத்தான்.

இனி உங்கள் வீட்டுக்காரர். அடுத்த இரண்டு பத்திகளை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, உங்கள் மணிக்குப் பூனைமேல் பகை கிடையாது. சிப்பிப்பாறை தெற்குச் சீமையின் வேட்டை நாய். முயலைக் கண்ணால் கண்டு, ஓட்டத்தில் மடக்கிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். கலப்பு என்றாலும் அந்த ரத்தம் கொஞ்சமாவது இருக்கும். ஓடுவதைத் துரத்து என்று உடம்பே அதற்குச் சொல்லும். பூனைக்குப் பயம் வந்தால் ஓடும், ஓடினால் மணி துரத்தும். பூட்டிய அறையில் ஓட இடம் இல்லாமல் மூலையில் மாட்டிய பூனை நாயின் கண்ணைத்தான் பிராண்டும். நாய் ஒரு முறை கவ்வி உதறினால் பூனையின் கழுத்து போய்விடும். "ஒருநாள் அடிச்சிக்கும்" என்கிறீர்களே, அந்த ஒருநாளில் நடப்பது இதுதான். இரண்டும் தப்பிப் பிழைத்தாலும் ராசி வராது. மணியைப் பார்த்தால் உயிருக்கு ஓடு என்று பூனையும், அது ஓடினால் துரத்தலாம் என்று மணியும் கற்றுக்கொள்ளும். அதை மறக்கடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீழ்ந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரைப் பொறித்து, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பே நாயின் காவலுக்குக் கல் நட்ட சீமை இது. மணிக்கும் உங்கள் வீடுதான் எல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் அதற்குள் நுழைகிறார்கள் என்றால் அது சும்மா இருக்காது. "இவங்க நம்ம வீட்டு ஆளுங்க" என்று அதற்குச் சொல்லித் தர வேண்டியது அது நம்புகிற மனிதர், அதாவது நீங்கள். இதில் முக்கால் பங்கு வேலை உங்களுடையது, உங்கள் மனைவியுடையது அல்ல.

சரி அம்மா, இனி உங்களுக்கு. என்ன செய்வது?

பூனைகள் வருவதற்கு முன்பே படுக்கையறையை அவற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். மணி உள்ளே வரக் கூடாது. நீங்கள் துவைக்காமல் வைத்திருக்கும் ஒரு பழைய புடவை, தட்டு, தண்ணீர், பூனைகள் கழிவு போக மணல் போட்ட தட்டுகள் மூன்று எல்லாம் உள்ளே இருக்கட்டும். பூனைக்கு ஒன்று, கூட ஒன்று என்பது மணல் தட்டுக்கான கணக்கு. உயரம் அவசியம். பீரோ உச்சியோ பரணோ பூனை தாவி ஏறிப் படுக்க வசதியாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழே பார்க்க முடிகிற பூனைக்குப் பாதி பயம் போய்விடும். பயணத்துக்குச் சாக்குப்பை வேண்டாம், மூடி போட்டுக் கட்டிய கூடை போதும். ஒரு கூடையில் ஒரு பூனை.

முதல் வாரம் மூன்றும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது. வாசனை மட்டும் போய் வரட்டும். ஒரு பழைய துண்டால் வெள்ளச்சியின் கன்னத்தைத் தடவி எடுத்து மணி படுக்கும் இடத்தில் போடுங்கள். மணியின் சாக்கு விரிப்பைக் கிழித்து ஒரு துண்டைப் பூனை அறையின் ஓரத்தில் போடுங்கள். தட்டுப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள், சாப்பிடாமல் போய்விடும்.

அப்புறம்தான் கதவு. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் மணியின் சோறு, அந்தப் பக்கம் பூனைகளின் மீன். முதல் நாள் இரண்டு தட்டும் கதவிலிருந்து நாலைந்து அடி தள்ளி இருக்கட்டும். நாளுக்கு ஒரு சாண் வீதம் நெருக்குங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தரையில் உட்கார்ந்து கதவின் கீழ் இடுக்கைப் பாருங்கள். ஒருநாள் அங்கே கறுப்பாக ஈர மூக்கு ஒன்று நீண்டு நின்று, பெருமூச்சாக உள்ளே இழுக்கும். இந்தப் பக்கம் குட்டானின் முதுகு மயிர் சிலிர்த்து எழும், வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆகும், "ஸ்ஸ்" என்று சீறும். சீறட்டும், அதட்டாதீர்கள். அது தள்ளி நில் என்று சொல்லும் மரியாதையான மொழிதான். சீறிவிட்டுத் திரும்பி வந்து மிச்ச மீனைத் தின்கிறதா என்பதைக் கவனியுங்கள். தின்றால் ஒரு படி ஏறிவிட்டீர்கள். தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போனால், தட்டை மறுபடி தள்ளி வைத்து இரண்டு நாள் பொறுங்கள்.

இரண்டு பக்கமும் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அறை வாசலில் கம்பி வலை அடித்த தடுப்பு ஒன்று வைத்துப் பார்க்க விடுங்கள். மெல்லிய கொசுவலை போதாது, மணி ஒரே பாய்ச்சலில் கிழித்துவிடும். அதற்கும் பிறகுதான் ஒரே அறை. அப்போது மணி பட்டையும் கயிறுமாக உங்கள் கணவர் கையில் இருக்க வேண்டும். ஒரு நல்ல நடை போய்க் களைத்து வந்த பிறகு என்றால் இன்னும் நல்லது. அவர் "மணி" என்று கூப்பிட்டு அது திரும்பினால் ஒரு துண்டு கறி கொடுக்க வேண்டும். அது உடம்பை விறைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல், கூப்பிடும் குரலே காதில் ஏறாமல் பூனையையே பார்த்து நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான், வெளியே கூட்டிப் போய்விடுங்கள். குரைப்பதைவிட அந்த மௌனம்தான் மோசம். பூனையைத் தூக்கிக்கொண்டு போய் நாயின் மூக்கில் காட்டுவது சிலருக்குப் பழக்கம். செய்யாதீர்கள், உங்கள் கைதான் கிழியும்.

இதெல்லாம் முடிய ஒரு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். முடிந்த பிறகும் நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் நடுவில் ஒரு கதவு சாத்தியிருக்கட்டும். வேட்டை ரத்தமுள்ள நாய் என்றால் அது எத்தனை வருடமானாலும் அப்படித்தான். உங்கள் பூனைகள் முன்பு வெளியே போய் வந்தவையாக இருந்தாலும் ஓசூரில் முதல் ஒரு மாதம் வெளியே விட வேண்டாம், வழி தெரியாமல் போய்விடும்.

மணிக்குத் தயிர்ச்சோறு பிடிக்கும் என்று எழுதாவிட்டாலும் தெரியும், நம் பக்கத்து நாய் எல்லாம் அப்படித்தான். பூனைக்கு அது உதவாது, நாய்த் தீனியும் உதவாது. கறியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். புது வீட்டில் வெள்ளச்சி ஒருநாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் விட்டுப் பிடிக்கலாம். இரண்டாம் நாளும் ஒன்றுமே தொடாமல் கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றுக்கும் போட்டிருக்க வேண்டும். பூனைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெறிநோய் கண்ட பூனை கடித்தாலும் மனிதனுக்கு அந்த நோய் வரும்.

கடைசியாக ஒன்று. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முன்பு நாயும் பூனையும் இருந்தன. பூனை பெயர் சின்னி. நாய்க்கு உண்ணி அதிகமானபோது பிடரியில் விடும் சொட்டு மருந்து வாங்கி வந்தேன். பூனைக்கும் போடலாமா என்று கடையில் கேட்டேன். "அளவைக் குறைச்சுப் போடுங்க சார்" என்றார்கள். சாயங்காலம் நாலு சொட்டு விட்டேன். ராத்திரி பத்து மணிக்குச் சின்னியின் காது நுனி துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக் கையால் ஓட்டினேன். ஈ இல்லை. கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகி, குளிர்ஜுரம் வந்த மாதிரி உடம்பு முழுக்க உதற ஆரம்பித்தது. போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குள் போய்விட்டது. பெர்மெத்ரின் என்பது அந்த மருந்தின் பெயர். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவுகூடப் பூனையைக் கொல்லும். அப்போதே வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி, ராத்திரி என்று பார்க்காமல் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

நேரே பூனைமேல் போடாவிட்டாலும், மருந்து ஈரமாக இருக்கும் நாயை உரசிப் படுத்தாலோ நக்கினாலோ போதும். உண்ணிக்கு நாயைக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தும் பூனைக்கு ஆகாது. மூன்றும் ஒரே விரிப்பில் படுக்கும் நாள் உங்கள் வீட்டிலும் வரும், அதற்குள் இது சரியாகிவிட வேண்டும். இன்றைக்கு ராத்திரி போனில் பேசும்போது, மணிக்கு உண்ணிக்கு என்ன போடுகிறார் என்று கேளுங்கள். டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால், பூனைகள் கூடையில் ஏறுவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டு, பூனை உள்ள வீட்டுக்கு ஏற்ற வேறு மருந்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.