வயலினே இல்லாத விண்ட் ஆர்கெஸ்ட்ரா ஒரே பீஸ்ல அமைதியையும் கலவரத்தையும் எப்படி காட்டுது?

விண்ட் ஆர்கெஸ்ட்ரானா புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், ட்ரம்பெட், டியூபா மாதிரி ஊதுற வாத்தியமும் கூட தாள வாத்தியமும் சேர்ந்த பெரிய குழு, வயலின் செட் கிடையாது, சில சமயம் டபுள் பேஸ்ங்கிற பெரிய தந்தி வாத்தியம் ஒண்ணே ஒண்ணு மட்டும் நிக்கும்.

காரணம் மூச்சுதாங்க. ட்ரம்பெட்டை மெதுவா ஊதினா வட்டமா இதமா கேக்கும், அதையே அழுத்தி ஊதினா சத்தம் கூடுறது மட்டும் இல்ல, குரலே மாறி பளீர்னு கூர்மையாயிடும். நம்ம கல்யாணத்துல ஆலாபனை இழுத்துட்டு இருந்த அதே நாதஸ்வரம் கெட்டிமேளம்னதும் அப்படியே மாறும்ல, அதேதான் இங்க அம்பது பேர் சேர்ந்து பண்றாங்க.

அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிராங்க் டிக்கெலி எழுதின 'ஏஞ்சல்ஸ் இன் தி ஆர்க்கிடெக்சர்' கேளுங்க, 2008ல சிட்னி ஓபரா ஹவுஸ்ல முதல்ல வாசிச்சது. ஒளிக்கும் இருட்டுக்கும் நடக்குற மோதல்தான் மொத்த பீஸும். ஆரம்பத்துல ஒரு பொண்ணு தனியா பாடுவாங்க, சுத்தி நெளிநெளியான பிளாஸ்டிக் குழாயை கையில சுழட்டுவாங்க, அந்த ஊளை மாதிரி சத்தம் உடம்பையே சிலிர்க்க வைக்கும், அப்புறம் பித்தளை வாத்தியமும் டிரம்ஸும் வேகமா புகுந்து அந்த அமைதியை உடைக்கும். எனக்கு அந்த திருப்பம்தான் உயிர்.

காமராஜர் சாலை பரேட்ல பாத்த பேண்டை வெச்சு இதெல்லாம் மார்ச் மட்டும்தான் வாசிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, இன்னிக்கு உட்கார்ந்து கேக்கறதுக்குன்னே இந்தக் குழுவுக்கு சிம்ஃபொனி வரைக்கும் எழுதறாங்க.