புதூர்களுள் எந்தப் புதூர்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் பணிபுரிகிறான், அந்நாட்டுப் பெண்ணையே மணந்துகொண்டான். பேரனுக்கு வரும் மாசியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தவிருக்கிறோம். எங்கள் வழியில் ஏழு தலைமுறைப் பெயர்களைப் பங்காளிகளிடம் கேட்டு நோட்டில் எழுதிவிட்டேன். மருமகள் வழியிலோ அவளுடைய தாத்தாவுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அவர் 1931-இல், அன்று ஜெர்மனியின் கிழக்குப் பகுதியாயிருந்த சிலேசியாவில் நொய்டோர்ஃப் என்னும் ஊரில் பிறந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அகதியாக மேற்கே வந்தவர். வமிசாவளி ஆய்வுக்கென்றே அங்கே சங்கங்கள் இருப்பதாகச் சம்பந்தியம்மாள் சொல்கிறார். அவர்களுக்கு நானே இங்கிருந்து எழுதலாமா?
– வாசகி ஒருவர், காவேரிப்பட்டினம்

பதில்: பேரனின் தாய்வழிக்கும் அந்த நோட்டில் பக்கம் ஒதுக்கிய உங்கள் மனத்தை முதலில் பாராட்டுகிறேன். நம் பக்கத்து வமிசாவளிகளில் பெண் எடுத்த வீட்டின் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

நொய்டோர்ஃப் என்றால் புதூர் என்று பொருள். ‘புதூர்க்காரர்’ என்று மட்டும் சொல்லி நம் மாவட்டத்தில் ஒருவரைத் தேடினால், ‘எந்தப் புதூர்? எந்தத் தாலுகா?’ என்றுதான் எவரும் கேட்பார்கள். சிலேசியாவிலும் அப்பெயரில் பல ஊர்கள் இருந்தன. ஜெர்மனியில் நாடு முழுமைக்குமான ஒரே பிறப்புப் பதிவேடு என ஒன்று கிடையாது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அந்தந்த ஊரின் ‘ஸ்டாண்டஸ்அம்ட்’ என்னும் பதிவு அலுவலகமே எழுதி வைத்தது. சிலேசியா அடங்கிய பிரஷ்யாவில் இம்முறை 1874 அக்டோபரிலும், ஜெர்மனி முழுவதும் 1876 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையவற்றைத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில்தான் பார்க்க வேண்டும். ஆகவே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு இணையத்தில் அலைவதைவிட, அந்த நொய்டோர்ஃப் எந்த ‘கிரைஸ்’ என்னும் வட்டத்தில் இருந்தது என்பதை உறுதி செய்வதே முதல் வேலை.

அதற்கான விடை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். ஜெர்மனியில் திருமணப் பதிவின்போது தம்பதியர் ‘ஸ்டம்பூஹ்’ என்னும் குடும்பப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொள்வது வழக்கம். சான்றிதழ்கள் அதில் கோக்கப்பட்டிருக்கும். தாத்தாவின் திருமணப் புத்தகத்தைச் சம்பந்தி வீட்டார் தேடிப் பார்க்கட்டும். பழைய பெட்டியில் ‘ஆனென்பாஸ்’ என்னும் சிறு ஏடும் கிடைக்கக்கூடும். அதைக் கையில் எடுக்கும்போது அதன் பிறப்பையும் அறிந்திருக்க வேண்டும். 1933-இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள், அரசுப் பணியில் இருப்போர் தம் பாட்டன் பாட்டிமாரில் யூதர் இல்லை என்று நிரூபிக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றினர். அதனால் இலட்சக்கணக்கானோர் பாதிரியார்களிடமும் பதிவு அலுவலகங்களிலும் அலைந்து முன்னோர் விவரங்களை முத்திரையுடன் பெற்று வைத்தனர். அதே பதிவேடுகளைக் கொண்டும் யூதக் குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டு, வேலையையும் உரிமைகளையும் இறுதியில் உயிரையும் இழந்தன. இன்று அந்த ஏட்டிலுள்ள ஊரும் தேதியும் ஆய்வுக்குப் பெரிதும் உதவும் என்பது உண்மை. ஆனால் வமிசாவளியைக் கொண்டு இரத்தத் தூய்மை பார்க்கும் எண்ணம் ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கும் அதுவே சாட்சி. குலம் கோத்திரம் எழுதும் நாமும் அதைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

வீட்டில் எதுவும் இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. போரில் வீடு நிலம் இழந்து வந்தவர்களுக்கு மேற்கு ஜெர்மனி 1952-இல் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. குடும்பத்தார் அப்போது விண்ணப்பித்திருந்தால், அந்தக் கோப்பில் பழைய ஊரும் சொத்தும் விவரமாக எழுதப்பட்டிருக்கும். அக்கோப்புகள் ஜெர்மன் மத்திய ஆவணக் காப்பகத்தின் பைரோய்ட் கிளையில் உள்ளன. வட்டம் தெரிந்தபின் 1912-இல் வெளிவரத் தொடங்கிய மேயர் ஊர் அகராதியைப் பார்க்கலாம். அன்றைய ஜெர்மன் பேரரசின் சிற்றூர்களுக்கும் பதிவு அலுவலகம் எது, சொந்தத் தேவாலயம் உண்டா என்று அது காட்டும். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.

சங்கத்தை நாட வேண்டிய கட்டம் இதற்குப் பிறகே வருகிறது. பெர்லினின் ‘ஹெரோல்ட்’ சங்கம் 1869-இல் தொடங்கியது. கணினிவழி வமிசாவளிச் சங்கம் 1989-இல் தோன்றியது. உங்களுக்குப் பொருத்தமானது, ஜெர்மனி இழந்த கிழக்குப் பகுதிகளுக்கென்றே இயங்கும் ‘ஆகோஃப்’ என்னும் அமைப்பு. இவற்றில் உழைப்போர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தம் ஊர்ப் பதிவேடுகளைப் பல ஆண்டுகள் படித்து, குடும்பம் குடும்பமாகத் தொகுத்து ‘ஊர்க் குடும்ப நூல்’ என வெளியிடுபவர்களும் அவர்களில் உண்டு. ‘எங்கள் வமிசம் முழுவதையும் தாருங்கள்’ என்று எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய இயலாது. இன்ன பெயர், இன்ன ஆண்டு, இன்ன வட்டத்து நொய்டோர்ஃப், கத்தோலிக்கரா லுத்தரன் சபையினரா, இதுவரை எவற்றைப் பார்த்தோம் என்று எழுதி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

அவர்களின் உதவி மிகவும் தேவைப்படும் இடம் கையெழுத்து. பழைய பதிவுகள் ‘குர்ரெண்ட்’ என்னும் எழுத்தில் உள்ளன. அதில் ‘e’ எழுத்தும் ‘n’ எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். அவ்வழி வந்த பள்ளி எழுத்தையும் 1941-இல் நிறுத்திவிட்டதால், உங்கள் மருமகளுக்கே அதைப் படிக்க வராது. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளியில்லாத எழுத்தைக் கண்டு நாம் திகைப்பதைப் போன்ற நிலைதான் அது.

நீங்களே எழுதலாமா என்றால், சங்கத்துக்குத் தாராளமாக எழுதலாம். அலுவலகங்களுக்கு மருமகள்தான் எழுத வேண்டும். ஜெர்மனியில் பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளும், திருமணப் பதிவு 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவு 30 ஆண்டுகளும் கழிந்த பிறகே எல்லோருக்கும் திறக்கப்படுகிறது. அதற்கு முன் நேரடி வாரிசுகள் உறவைக் காட்டும் சான்றிதழ்களுடன் கேட்டால் நகல் கிடைக்கும். சிலேசியாவின் பெரும்பகுதி இன்று போலந்தில் உள்ளது. பிரெஸ்லாவ் நகரமே வ்ரோத்ஸ்வாஃப் ஆகிவிட்டது. அங்கே பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டுகளுக்குப் பின் அரசு ஆவணக் காப்பகத்துக்குச் செல்கின்றன. எனவே தாத்தாவின் பதிவை உள்ளூர் அலுவலகத்திலும், அவருடைய தந்தையின் பதிவைக் காப்பகத்திலும் கேட்க வேண்டும். கிழக்கிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவரப்பட்ட பதிவேடுகளில் ஒரு பகுதி பெர்லினின் முதலாம் எண் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. போரில் அழிந்தவையும் பல. கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். தாத்தா மணந்த பாட்டி மேற்கு ஜெர்மனிக்காரராயின், அவர் வழியில் வேலை எளிது: கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றை ‘மாட்ரிகுலா’ தளத்தில் இலவசமாகவும், லுத்தரன் பதிவேடுகளை ‘ஆர்கியோன்’ தளத்தில் கட்டணத்துடனும் பார்க்கலாம்.

கேள்வி: ஜெர்மானியருக்குத்தான் மாறாத குடும்பப் பெயர் உண்டே? ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் ‘இண்டிபேரு’ போல, அதைப் பிடித்துக்கொண்டே மேலே போக முடியாதா?
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: எல்லா இடத்திலும் முடியாது. வடமேற்கில் கிழக்கு ஃப்ரீசியா என்னும் பகுதியில், நாம் தந்தை பெயரை முதலெழுத்தாக வைப்பதைப் போலத் தந்தையின் பெயரே மகனுக்குக் குடும்பப் பெயராக வந்தது. நெப்போலியன் 1811-இல் நிலையான பெயர் வைக்கச் சொன்ன பிறகும் அவ்வழக்கம் உடனே மறையவில்லை. வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணை வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் அப்பண்ணையின் பெயரையே ஏற்றுக்கொண்டதும் உண்டு. போதாக்குறைக்கு, அண்ணன் தம்பி அனைவருக்கும் ‘யோஹான்’ என்று தொடங்கி, இரண்டாம் பெயரால் அழைத்தார்கள். தருமபுரிப் பக்கம் ஒரே வீட்டில் பெரிய முனியப்பன், சின்ன முனியப்பன் என்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

கேள்வி: எங்கள் கொள்ளுப்பாட்டியின் தகப்பனார் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் போதகர் என்பது வீட்டுப் பேச்சு. சரிபார்க்க வழியுண்டா?
– வாசகி ஒருவர், ஓசூர்

பதில்: உண்டு. லைப்சிக் மிஷன் 1836-இல் டிரெஸ்டனில் தொடங்கி, 1848-இல் லைப்சிக் நகருக்கு மாறியது. அதன் ஆவணங்கள் இப்போது ஹாலே நகரின் ஃபிராங்கே அறநிலையத்தில் உள்ளன. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கின் காலத்துத் தாள்களும் அங்கேதான் இருக்கின்றன. போதகரின் பெயரையும், அவர் பணிபுரிந்த ஊரையும், உத்தேசமான ஆண்டையும் எழுதிக் கேளுங்கள். அதற்கு முன் கொள்ளுப்பாட்டி ஞானஸ்நானம் பெற்ற நம் ஊர்ச் சபையின் பதிவேட்டைப் பாருங்கள். தகப்பன் பெயர் எழுதப்பட்டிருந்தால் முதல் ஆதாரம் அதுவே.