மகளை டூருக்கு அனுப்பலாமா? முந்திரி அலர்ஜி உள்ள பெண்ணின் அம்மா கேட்கிறார்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே முந்திரி அலர்ஜி. நான்கு வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் குருமா சாப்பிட்டதும் முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றினோம். அப்புறம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் இன்னும் 11 பொருள்கள் வந்ததால் அவற்றையும் நிறுத்திவிட்டோம். வெளிச் சாப்பாடே கிடையாது. போன மாதம் எங்களிடம் சொல்லாமல் தோழியின் பிறந்தநாளுக்குப் போய் ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறாள். மாத்திரைகூட எடுத்துப் போகவில்லை. திட்டியதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது பள்ளியில் மூன்று நாள் டூர். அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் அனுப்பாதீர்கள்.

முதலில் உங்கள் மகளின் பக்கம். வேர்க்கடலை அலர்ஜி உள்ள 15 வயதுப் பையன் ஒருவன், அம்மா வெளியே போன பிறகு என்னிடம் சொன்னான்: "பயமெல்லாம் இல்லை டாக்டர். எல்லாரும் ஒரே பிளேட்டில் கை வைக்கும்போது நான் மட்டும் டப்பாவைத் திறக்கணும். அதுதான் தாங்கலை." இந்த வயதில் பெரிய பாரம் இதுதான். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் 13 முதல் 17 வயதினருக்கென்றே ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அரிப்பையும் வீக்கத்தையும் அளக்க அல்ல. யாராவது திடீரென்று சாப்பிடக் கூப்பிட்டால் போக முடியாதது, ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது போன்றவை எவ்வளவு உறுத்துகின்றன என்று அளக்க. அன்றாட வாழ்க்கை சுருங்குவதும் இந்த நோயின் பாதிப்புதான். அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உணவு அலர்ஜியால் உயிரிழக்கும் ஆபத்து பதின்ம வயதினருக்கும் இளைஞர்களுக்கும்தான் அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளாததும், ஊசி போடத் தாமதமாவதும், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவும் முக்கியக் காரணங்கள். திட்டினால் அவள் ஓட்டலுக்குப் போவதை நிறுத்த மாட்டாள், உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவாள். எனக்குக் கவலை அதுதான்.

சரி, அந்த 11 பொருள்கள். சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் வராமல், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மட்டும் நிறுத்தியவை என்றால், அவற்றில் பல அலர்ஜியே இல்லாமல் இருக்கலாம். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில் ஏதாவது ஓர் உணவுக்கு ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தவர்கள் 26 சதவீதத்துக்கும் மேல். அலர்ஜி இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்களோ 1.2 சதவீதம்தான். வீட்டில் நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அலர்ஜி மருத்துவரின் கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவைத்துச் சோதிக்க முடியும். ஐந்தாறு பொருள்கள் திரும்பக் கிடைத்தாலே அவளுடைய டிபன் டப்பா மாறிவிடும். முந்திரியை மட்டும் விடாமல் தவிர்க்க வேண்டும், கூடவே பிஸ்தாவையும். இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

அடுத்தது மருந்து. அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும். மூச்சுத் திணறலையும் ரத்த அழுத்தம் சரிவதையும் தடுக்காது. உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. வெளிநாடுகளில் உள்ள பேனா வடிவ ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால் 1 மில்லி ஆம்பூல்கள் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பிகள்) இரண்டு, சிரிஞ்சுகள், மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தந்த அளவு (இந்த வயதில் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 மில்லி) எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில், வெயிலும் வெளிச்சமும் படாமல் இருக்கட்டும். மருந்து பழுப்பேறினால் மாற்றிவிடுங்கள். தொடையின் வெளிப்பக்கச் சதையில் போட வேண்டும். அவசரத்தில் சுடிதார் துணிக்கு மேலேயே போடலாம்.

என் கிளினிக்கில் சாத்துக்குடியை வைத்துத்தான் பழக்குகிறேன். முதல் தடவை ஆம்பூல் கழுத்தை உடைக்கவே கை நடுங்கும். நாலாவது தடவை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்! உங்கள் மகளும் அப்படிப் பழகட்டும். அப்புறம் உடன் வரும் ஆசிரியைக்கும் நெருங்கிய தோழிகள் இருவருக்கும் அவளே சொல்லிக்கொடுக்கட்டும். யார் அந்த இருவர் என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவர்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: சாப்பிட்ட பிறகு குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலைசுற்றினாலோ, தடிப்போடு வாந்தி வந்தாலோ உடனே ஊசி. படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இரண்டாவது ஊசி. சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

ஓட்டலில் "முந்திரி போட்டிருக்கா?" என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் சர்வர் இல்லை என்றுதான் சொல்வார். "இந்தக் குருமாவில் என்னவெல்லாம் அரைத்துவிட்டிருக்கிறீர்கள்?" என்று சமையல்காரரிடம் கேட்கவைக்கச் சொல்லுங்கள். பனீர் பட்டர் மசாலா, வெள்ளைக் குருமா, பாதாம் பால் பக்கமே போக வேண்டாம். பொங்கலில் முந்திரியைப் பொறுக்கிவிட்டுச் சாப்பிடுவதும் ஆகாது. இட்லி, சாதம், ரசம், மோர் பெரும்பாலும் சிக்கலில்லை. அங்கேயும் தாளிப்பையும் கரண்டியையும் பற்றிக் கேட்டுவிட வேண்டும். பாக்கெட் தின்பண்டங்களில் முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகள், வேர்க்கடலை, பால், முட்டை போன்றவை இருந்தால் லேபிளில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்த வரியைப் படிக்காமல் பிரிக்கக் கூடாது.

இன்று சாயந்திரம் அவளிடம் பேசுங்கள். பிறந்தநாளுக்குச் சொல்லாமல் போனதற்காக மறுபடி திட்டாதீர்கள். அன்று ஓட்டலில் என்ன சாப்பிட்டாள், எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாமலே அவள் கவனமாகத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.