80 பை-இன் கையில் இருக்கிறது, கிளப் ஆப்பில் ஆடலாமா?

பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 31, சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், எலக்ட்ரானிக் சிட்டியில் டெஸ்டிங் வேலை, பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 68,000. அவர் கேள்வி இது: "அண்ணா, 2025 ஆகஸ்டில் போக்கர் சீட்டாட்ட ஆப்பெல்லாம் காசு ஆட்டத்தை நிறுத்தியபோது வாலட்டில் இருந்த 1,60,000 ரூபாயை எடுத்து சேவிங்ஸ் கணக்கில் வைத்துவிட்டேன். இப்போது ஆபீஸ் நண்பர் ஒரு கிளப் ஆப்பில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் இருக்கிறார், யுபிஐ-யில் பணம் போட்டால் சிப்ஸ் ஏற்றிவிடுவார், ஆள் சேர்த்துவிட்டால் கமிஷனும் உண்டாம். நான் ஆடுவது 10/20 டேபிள், ஒரு பை-இன், அதாவது டேபிளில் உட்காரக் கொண்டுபோகும் தொகை, 2,000, ஆக 80 பை-இன் கையில் இருக்கிறது. ஆடுவதற்கென்று வைத்திருக்கும் இந்தப் பேங்க்ரோல் போதுமா, இன்னும் சேர்க்கணுமா?" கூடவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தான் எழுதி வைத்த எக்செல் கணக்கையும் அனுப்பியிருக்கிறார். பாதிப் பேர் இதை எழுதுவதே இல்லை, அதனால் முதலில் அதற்கு ஒரு சபாஷ்.

தம்பி, ஏட்டுக் கணக்குப்படி பார்த்தால் 80 பை-இன் தாராளம். போக்கரில் நோ லிமிட் ஹோல்டெம் என்ற வகையின் கேஷ் டேபிளுக்கு 30 முதல் 50 பை-இன் என்பதுதான் ஆடுபவர்கள் வழக்கமாகச் சொல்வது, ஒமாஹா என்ற வகை என்றால் அதைவிட அதிகம், டோர்னமென்ட் என்றால் 100-க்கும் மேலே. ஏன் இவ்வளவு என்று கேட்டால், நன்றாக ஆடுபவனும் தொடர்ந்து தோற்பான் என்பதுதான் காரணம். நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம், அது நல்ல ஆட்டம். (கை என்றால் சீட்டுப் போட்டு ஆடும் ஒரு சுற்று, பிக் பிளைண்ட் என்றால் அதில் சீட்டு வருமுன்பே கட்டாயமாக வைக்கும் தொகை, 10/20 டேபிளில் 20 ரூபாய்.) 10,000 கை ஆடினால் சராசரியாக 500 பிளைண்ட் லாபம் வரணும். ஆனால் ஹோல்டெமில் ஏற்ற இறக்கம் நூறு கைக்குச் சுமார் 90 பிளைண்ட், அது 10,000 கைக்கு 900 பிளைண்டாக விரிகிறது. எதிர்பார்க்கும் லாபத்தைவிட ஆட்டத்தின் ஊசலாட்டம் பெரியது. அப்படி ஆடும் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் 10,000 கை முடிந்தும் நஷ்டத்தில்தான் நிற்பார்கள். உங்கள் மூன்று மாதக் கணக்கில் இருப்பது ஏறத்தாழ 11,000 கை. அதை வைத்து நீங்கள் ஜெயிக்கிற ஆளா இல்லையா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

சரி, இப்போது அந்த எக்செல்லுக்கு வருகிறேன், நான் அதிக நேரம் பார்த்தது அதைத்தான்.

மூன்று மாதத்தில் 23 முறை பணம் போட்டிருக்கிறீர்கள். அதில் 17 முறை இரவு ஒரு மணிக்கு மேல். ஜூலையில் ஒரு சனிக்கிழமை வரி: 11.10-க்கு 10/20 டேபிளில் 2,000 ரூபாயோடு உட்கார்ந்தீர்கள். 12.30-க்கு கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங், மொத்தச் சிப்ஸும் நடுவில், ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டில், கிங் விழுந்தது. இந்த மோதலில் ஏஸ் ஜெயிப்பது நூற்றுக்குச் சுமார் 82 முறை, மீதி 18-இல் இது ஒன்று. அடுத்து இன்னொரு 2,000, அதுவும் போனது. 1.20-க்கு நீங்கள் போனது 25/50 டேபிளுக்கு, 5,000 ரூபாயோடு. 1.52-க்கு மறுபடியும் 5,000. 2.40-க்கு முடித்தபோது போனது 14,000. குறிப்புப் பத்தியில் 'பேட் லக்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் 2,000 பேட் லக், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த 12,000 விட்டதைப் பிடிக்கப் போன காசு. அந்த ராத்திரி உங்களிடம் 80 பை-இன் இருந்தாலும் 200 இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும், ஏனென்றால் காசு இருக்கும் அளவுக்கு டேபிளும் பெரிதாகிக்கொண்டே போயிருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த 1,60,000-இல் பெரும்பகுதி ஜூன் மாதம் ஒரே டோர்னமென்டில் வந்தது. கேஷ் டேபிளைத் தனியாகக் கூட்டிப் பார்த்தால் மூன்று மாதமும் மைனஸ். ஒரு பெரிய பரிசு மற்ற ஓட்டையை எல்லாம் மூடி மறைத்துவிடும், அதனால்தான் கேஷ் கணக்கையும் டோர்னமென்ட் கணக்கையும் ஒரே பத்தியில் எழுதக் கூடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அப்புறம் அந்த 23 டெபாசிட்டும் போனது சம்பளக் கணக்கிலிருந்து. உங்களிடம் பேங்க்ரோல் என்று ஒன்று இருந்ததே இல்லை தம்பி, சம்பளம்தான் இருந்தது. வாடகைக்கும் ஊருக்கு அனுப்புவதற்குமான பணத்தோடு கலக்காமல் ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கி, அது தீர்ந்தால் அத்தோடு நிறுத்துகிற பணத்துக்குத்தான் அந்தப் பெயர். அதில் கால் பங்கு குறைந்தால் ஒரு படி கீழே இருக்கிற டேபிளுக்கு இறங்கணும். நீங்கள் மூன்று மாதத்தில் ஒருமுறைகூட இறங்கவில்லை.

இப்போது கிளப் ஆப். இங்கே பை-இன் கணக்கே உதவாது. பேங்க்ரோல் விதியெல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: திரையில் தெரியும் தொகை கேட்டால் கைக்கு வரும் என்பது. கிறிஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் 2006 வாக்கில் ஒரு டாலர்கூடப் போடாமல், இலவச டோர்னமென்டில் தொடங்கி, ஒரு டேபிளுக்கு இருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அவர் ஆடிய தளம் ஃபுல் டில்ட், அதன் இயக்குநர்களிலும் அவர் ஒருவர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு கைவைத்த தளங்களில் அதுவும் ஒன்று. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர் என்று அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 5 சதவீத விதியை ஒழுங்காகப் பிடித்தவர் பணமும் விதியே இல்லாதவர் பணமும் ஒன்றாகத்தான் மாட்டின. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குத் திரும்பி வரத் தொடங்கியது 2014-இல். அது உரிமம், அலுவலகம், முகவரி எல்லாம் இருந்த கம்பெனி. உங்களுக்கு இருப்பது ஒரு வாட்ஸ்அப் எண்.

அந்த எண் சொல்கிற யுபிஐ ஐடி யாரோ ஒருவருடைய கணக்கு, அடிக்கடி மாறும். அந்தக் கணக்கின் மேல் எங்கோ ஒருவர் சைபர் புகார் கொடுத்தால், அதிலிருந்து பணம் வாங்கியவர்களின் கணக்கையும் வங்கி முடக்கிவிடக் கூடும். நீங்கள் 3,000 ரூபாய் ஜெயித்து எடுத்ததற்கு உங்கள் சம்பளக் கணக்கு நிற்கும், அதைத் திறக்க எந்த மாநிலத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கணும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் வாடகை தேதியில் இப்படி நின்றிருக்கிறார்கள்.

போக்கர் ஸ்கில் கேம்தானே என்று உங்கள் நண்பர் சொல்வார். கர்நாடக உயர் நீதிமன்றம் 2022-இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இலும் அந்தப் பக்கமாகத் தீர்ப்புச் சொன்னது உண்மை, ஆனால் அவை மாநிலச் சட்டங்களைப் பற்றியவை. 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதே இல்லை, காசு கட்டிக் காசு எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. வெறுமனே ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த அந்தக் கமிஷன்தான். ஆள் சேர்த்துக் காசு வாங்கிய அன்றிலிருந்து நீங்கள் வெறும் ஆட்டக்காரர் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நண்பர்களுக்கு லிங்க் அனுப்பியிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ஆக, கிளப் ஆப்புக்கு உங்கள் பேங்க்ரோல் பூஜ்யம். கோவா கேசினோக்களில் நேரில் ஆடுவது வேறு விஷயம், அங்கே உரிமம் உண்டு, ஆனால் டேபிள் பெரிது, ரயிலும் ரூமும் சேர்த்தால் 1,60,000 நீங்கள் நினைக்கிற 80 பை-இன் ஆகாது. இப்போதைக்கு வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் பர்சனல் லோன் பாக்கி 1,35,000, வட்டி 16 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்று வங்கியில் கேட்டுவிட்டு அதை அடைத்துவிடுங்கள், மாதம் 9,200 இஎம்ஐ உங்கள் கைக்குத் திரும்பும். மீதியைத் தொட வேண்டாம், ஜூன் மாதப் பரிசுக்கு வரி ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்களா என்று வருமான வரித் துறையின் ஏஐஎஸ் அறிக்கையில் பாருங்கள். ஆன்லைன் ஆட்ட வெற்றிக்கு 2023 ஏப்ரல் முதல் நிகர லாபத்தில் 30 சதவீதம் வரி, நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

ஆப் எதுவும் இல்லாதபோதும் ராத்திரி ஒரு மணிக்குக் கை போனைத் தேடுகிறதா என்று அடுத்த இரண்டு வாரம் கவனியுங்கள். தேடினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, இந்த மாதிரிப் பிரச்சினைக்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் நடத்துகிறார்கள். போனில் பேச அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். அப்புறம் அந்த எக்செல்லை மறுபடி திறந்து, 23 வரியிலும் குறிப்புப் பத்தியை மட்டும் புதிதாக எழுதி எனக்கு அனுப்புங்கள், ஜூலை சனிக்கிழமையிலிருந்து தொடங்குங்கள்.